ஜூனியர் உலகக் கோப்பை முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது?

(ஒலி வடிவில் வெளியான பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னிக்கு ஹாக்கி பேசப் போறோம். 2025 நவம்பர் 28லேருந்து டிசம்பர் 10 வரைக்கும் சென்னையிலும் மதுரையிலும் ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தது. மொத்தம் 24 நாடுகள். இந்தப் போட்டியோட வரலாற்றிலேயே இத்தனை அணிகள் ஆடினது இதுதான் முதல் தடவை. ஜெர்மனி கோப்பையை எடுத்துட்டுப் போச்சு, ஸ்பெயின் இரண்டாவது, இந்தியா மூன்றாவது. காங்கேயம் காளையை வச்சு 'காங்கேயன்'னு ஒரு சின்னமும் போட்டிருந்தாங்க, பல பேருக்கு அது ஞாபகம் இருக்கும்.

போட்டி நடந்தப்போ ஸ்கோர் எல்லாம் எல்லாரும் பார்த்தாச்சு. அதனால நான் பேசப் போறது வேற ஒரு விஷயம். ஜூனியர் உலகக் கோப்பைன்னு ஒண்ணு எதுக்காக இருக்கு? அதுல ஜெயிச்ச பையன்கள் அப்புறம் என்ன ஆகறாங்க? தோத்தவங்க என்ன ஆகறாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சாத்தான் சென்னைக்கும் மதுரைக்கும் இந்தப் போட்டியால என்ன கிடைச்சதுன்னு நாம கணக்குப் போட முடியும்.

பதினோரு நிமிடத்தில் நான்கு கோல்

முதல்ல இந்திய அணி ஆடின விதத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். பயிற்சியாளர் யாருன்னா நம்ம ஸ்ரீஜேஷ். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வாங்கின கோல்கீப்பர். பாரிஸோட ஓய்வு அறிவிச்சார், உடனே ஜூனியர் அணியை அவர் கையில கொடுத்தாங்க. 2024 கடைசியில மஸ்கட்ல நடந்த ஜூனியர் ஆசியக் கோப்பையை, பாகிஸ்தானை 5-3ன்னு ஜெயிச்சு, வாங்கிட்டு வந்தார். அடுத்தது சொந்த நாட்டுல உலகக் கோப்பை.

லீக் சுற்று ரொம்ப சுலபம். சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0. இந்தப் பிரிவுல முதல்ல பாகிஸ்தான் இருந்தது. அவங்க விலகினதால ஓமன் உள்ளே வந்தது.

உண்மையான பரீட்சை காலிறுதியில, பெல்ஜியத்தோட. ஆட்டம் 2-2. இந்தியா 2-1ன்னு முன்னால இருந்து, கடைசி நிமிஷங்கள்ல பெல்ஜியம் சமன் பண்ணிடுச்சு. ஷூட்-அவுட்டுக்குப் போச்சு. ஹாக்கி ஷூட்-அவுட் கால்பந்து பெனால்டி மாதிரி கிடையாது, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 23 மீட்டர் கோட்டுலேருந்து பந்தை ஓட்டிக்கிட்டு வரணும், எதிர்ல கோல்கீப்பர் மட்டும், கையில 8 விநாடி. அதுக்குள்ள ஏமாத்தி, சுத்தி, எப்படியாவது போடணும். அங்கே கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் நின்னார். 4-3ன்னு இந்தியா ஜெயிச்சது. ஷூட்-அவுட்ல நின்னே பேர் வாங்கின ஒருத்தர் பயிற்சியாளரா இருக்கும்போது, அந்தப் பையன் எதைக் கத்துக்கிட்டிருப்பான்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

அரையிறுதியில ஜெர்மனி. 5-1ன்னு தோல்வி. சாக்கு சொல்ல இடமே இல்லாத தோல்வி. இதுல ஒரு சங்கதி இருக்கு. 2021ல புவனேஸ்வர்ல ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதி: ஜெர்மனி 4, இந்தியா 2. 2023ல கோலாலம்பூர்ல அரையிறுதி: ஜெர்மனி 4, இந்தியா 1. 2025ல சென்னையில: 5-1. வரிசையா மூணு உலகக் கோப்பையில, அதே படியில, அதே அணிகிட்ட நாம நின்னிருக்கோம். அதை ஞாபகத்துல வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல திரும்ப வரேன்.

வெண்கலத்துக்கான ஆட்டம் அர்ஜென்டினாவோட. மூணு கால்பகுதி முடிஞ்சப்போ 0-2. முந்தின இரண்டு தடவையும் நாலாவது இடத்துலதான் முடிச்சோம், இதுவும் அப்படித்தான் போகுதுன்னு பாதிப் பேர் முடிவு பண்ணியிருப்பாங்க. 49ஆவது நிமிஷத்துல அங்கித் பால் ஒண்ணு போட்டார். 52ல மன்மீத் சிங். 57ல சாரதானந்த் திவாரி. 58ல அன்மோல் எக்கா. கடைசிப் பதினோரு நிமிஷத்துல நாலு கோல். 4-2. 2016க்கு அப்புறம் இந்தியாவுக்கு ஜூனியர் உலகக் கோப்பையில கிடைச்ச முதல் பதக்கம்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனா இந்தப் பதக்கத்தோட மதிப்பு இன்னிக்குத் தெரியாது. ஏன்னு சொல்றேன்.

பிறந்த வருஷம்தான் விதி

ஜூனியர் உலகக் கோப்பைங்கறது 21 வயசுக்கு உட்பட்டவங்களுக்கானது. 2025 போட்டிக்கு 2004 ஜனவரி 1ஆம் தேதியோ அதுக்குப் பிறகோ பிறந்திருக்கணும். 2003 டிசம்பர் 31 ராத்திரி பிறந்த பையன் எவ்வளவு நல்லா ஆடினாலும் கிடையாது.

முன்னெல்லாம் இது இன்னும் கொடுமை. 1979ல பிரான்ஸ்ல வெர்சாய் நகரத்துல முதல் போட்டி நடந்தது, பாகிஸ்தான் ஜெயிச்சது. அப்புறம் பெரும்பாலும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க. 19 வயசுல, இன்னும் உடம்பு முழுசா பலப்படாத நேரத்துல, ஒரு போட்டி வருது. அடுத்தது வரும்போது 23 ஆயிடுது, கதவு மூடிடுது. ஒரே வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா சரியான வயசுல ஆடியிருப்பான். திறமையை விட ஜாதகம் முக்கியமாயிடும். 2021க்கு அப்புறம்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தினாங்க. இப்போ ஒரு பையனுக்குக் குறைஞ்சது ஒரு நல்ல வாய்ப்பு, அதிர்ஷ்டம் இருந்தா இரண்டு.

இந்த 21 வயசுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஹாக்கியில பையன்கள் காணாமப் போற வயசு அதுதான். பள்ளிக்கூடத்துல ஆடறதுக்கு வாத்தியார் இருக்கார், விடுதி இருக்கு, மாவட்டப் போட்டி இருக்கு. கல்லூரி வரைக்கும் எப்படியோ ஓடிடும். அதுக்கப்புறம் வீட்டுல கேக்கறது ஒரே கேள்விதான்: "வேலை எப்போ?" ரயில்வே, போலீஸ், வங்கி, வருமான வரித் துறை, இந்த மாதிரி எங்கேயாவது விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை கிடைச்சா மட்டையைக் கையில வச்சிருப்பான். கிடைக்கலைன்னா பரண்ல போட்டுடுவான். ஜூனியருக்கும் சீனியருக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடுது. ஜூனியர் உலகக் கோப்பை அந்த ஆத்தோட இந்தக் கரையில இருக்கற கடைசிப் படித்துறை. அக்கரை போய்ச் சேர பாலம் கட்டியிருக்காங்களாங்கறது தனிக் கேள்வி.

இந்தியா இந்தக் கோப்பையை இரண்டு தடவை ஜெயிச்சிருக்கு. 2001லயும் 2016லயும். இரண்டு வெற்றிக்கும் அப்புறம் நடந்தது ரெண்டு வேற வேற கதை.

ஹோபார்ட்டில் ஜெயித்தவர்கள்

2001 அக்டோபர். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா தீவுல ஹோபார்ட் நகரம். இறுதிப் போட்டியில இந்தியா அர்ஜென்டினாவை 6-1ன்னு அடிச்சது. ஒரு உலகக் கோப்பை இறுதிப் போட்டியில 6-1. ககன் அஜித் சிங் தலைமையில தீபக் தாக்கூர், பிரப்ஜோத் சிங், ஜுக்ராஜ் சிங்னு ஒரு தலைமுறையே திரண்டு வந்த மாதிரி இருந்தது. பெனால்டி கார்னர்ல டிராக் ஃப்ளிக் அடிக்கறதுக்கு ஆள் இல்லையேன்னு இந்தியா ஏங்கிக்கிட்டிருந்த காலம். ஜுக்ராஜ் அந்தக் குறையைத் தீர்க்கற மாதிரி வந்தார். தாக்குதலுக்கு மூணு பேர், ஃப்ளிக்குக்கு ஒருத்தர். வேற என்ன வேணும்?

கொஞ்ச காலம் பலன் தெரிஞ்சது. 2002 ஆசிய விளையாட்டுல வெள்ளி, 2003ல கோலாலம்பூர்ல பாகிஸ்தானை 4-2ன்னு ஜெயிச்சு ஆசியக் கோப்பை. ஆனா அதே 2003ல ஜுக்ராஜ் கார் விபத்துல படுகாயம் அடைஞ்சார். அவரோட ஆட்ட வாழ்க்கை கிட்டத்தட்ட அதோட முடிஞ்சது. பிற்காலத்துல மத்தவங்களுக்கு டிராக் ஃப்ளிக் சொல்லிக் கொடுக்கறவரா வந்தார். விபத்தை யாரும் தடுக்க முடியாது. ஆனா ஒரு ஆள் போனா அந்த வேலைக்கு அடுத்த ஆள் தயாரா இருக்கானாங்கறது அமைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்தது, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். ஹோபார்ட்ல அந்த அணியை ஜெயிக்க வச்ச ராஜிந்தர் சிங்தான் அப்போ சீனியர் அணிக்கும் பயிற்சியாளர். ஒலிம்பிக்குக்குச் சில வாரம் இருக்கும்போது அவரை மாத்திட்டு, ஜெர்மனிக்காரர் கெர்ஹார்ட் ராஹைக் கொண்டு வந்தாங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் சமையல்காரரை மாத்தினா பந்தி எப்படி இருக்கும்? இந்தியா ஏழாவது இடம். 2006 உலகக் கோப்பையில பதினோராவது இடம். 2008 மார்ச்சுல சிலி நாட்டுல சாந்தியாகோவில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. பிரிட்டன்கிட்ட 2-0ன்னு தோல்வி. 1928லேருந்து ஒரு ஒலிம்பிக்கைக் கூட விடாம ஆடின நாடு, பெய்ஜிங்குக்குப் போகவே இல்லை.

ஹோபார்ட்ல ஜெயிச்சப்போ 20, 21 வயசுல இருந்தவங்களுக்கு 2008ல 27, 28 வயசு. ஹாக்கிக்காரனுக்கு அதுதான் உச்சம். உலகத்தையே ஜெயிச்ச பையன்கள், உச்ச வயசுல, ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில பார்த்தாங்க.

லக்னோவில் ஜெயித்தவர்கள்

இப்போ 2016 டிசம்பர் 18, லக்னோ. அரையிறுதியில ஆஸ்திரேலியாவை ஷூட்-அவுட்ல தாண்டி வந்து, இறுதிப் போட்டியில பெல்ஜியத்தை 2-1ன்னு ஜெயிச்சது இந்தியா. இரண்டு கோலையும் போட்டது குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜித் சிங்கும். பயிற்சியாளர் ஹரேந்திர சிங்.

இதுல சிம்ரன்ஜித் பேரை மட்டும் பிடிச்சுக்குங்க. நாலரை வருஷம் தள்ளி வாங்க. 2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலப் பதக்கத்துக்காக ஜெர்மனியோட ஆட்டம். இந்தியா 1-3ன்னு பின்னால இருந்து 5-4ன்னு ஜெயிச்சது, 41 வருஷத்துக்கு அப்புறம் ஒலிம்பிக்ல ஹாக்கிப் பதக்கம். அந்த அஞ்சு கோல்ல இரண்டு சிம்ரன்ஜித்தோடது. இத்தனைக்கும் அவர் முதல்ல அறிவிச்ச 16 பேர்ல இல்லை, மாற்று வீரர். கொரோனா காலம்கறதால மாற்று வீரர்களையும் ஆட விடலாம்னு விதியைத் தளர்த்தினதால உள்ளே வந்தவர்.

அவர் மட்டும் இல்லை. ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜித் சிங். லக்னோ அணியிலேருந்து ஏழு பேர் டோக்கியோ பதக்க மேடையில நின்னாங்க. ஹர்மன்பிரீத் 2024 பாரிஸ்ல கேப்டன். வெண்கல ஆட்டத்துல ஸ்பெயினை 2-1ன்னு ஜெயிச்சப்போ அந்த இரண்டு கோலும் அவர் போட்டது. லக்னோவில இரண்டாவது கோல்கீப்பரா இருந்த கிருஷண் பாதக், ஸ்ரீஜேஷுக்குப் பின்னால வருஷக்கணக்கா காத்திருந்து, அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு வந்தார்.

அப்போ 2001க்கும் 2016க்கும் என்ன வித்தியாசம்? பயிற்சியாளரை மாத்தலையா? மாத்தினாங்க, நல்லாவே மாத்தினாங்க. ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங், கிரஹாம் ரீட்னு 2017லேருந்து 2019க்குள்ள அந்த நாற்காலியில நாலு பேர். அதனால 'நிலையான பயிற்சியாளர் இருந்தார், அதான் ஜெயிச்சோம்'னு சொன்னா அது பாதி உண்மை. மாறாம இருந்தது கீழே இருந்த அடித்தளம். பெங்களூர்ல சாய் மையத்துல வருஷம் முழுக்க முகாம். அங்கே ஒரு பட்டியல், அதுல இருக்கறவங்களுக்குத் தொடர்ந்து பயிற்சி, உடல்தகுதி நிபுணர், வெளிநாட்டு ஆட்டங்கள். ஜூனியர்லேருந்து வந்த பையன் நேரா அந்த முகாமுக்குள்ள போனான். 2020ல ஊரடங்கு போட்டப்போ கூட அணி அந்த வளாகத்துக்குள்ளயே இருந்தது. 2013லேருந்து 2017 வரை ஹாக்கி இந்தியா லீக் நடந்தது, உள்ளூர்ப் பையன்கள் வெளிநாட்டு ஒலிம்பிக் வீரர்களோட ஒரே அறையில உடை மாத்தினாங்க. 2018லேருந்து ஒடிசா அரசு தேசிய அணிகளுக்கு விளம்பர ஆதரவு கொடுத்தது.

இன்னொரு ஜோடியைப் பாருங்க. லக்னோவில கோப்பையை வாங்கின கேப்டன் ஹர்ஜீத் சிங். லாரி ஓட்டுநரோட மகன், அவர் வாழ்க்கையை வச்சு 2018ல 'ஹர்ஜீத்தா'ன்னு பஞ்சாபிப் படமே வந்தது. அவர் ஒலிம்பிக் ஆடவே இல்லை. அதுக்கு முந்தின ஜூனியர் உலகக் கோப்பை, 2013, தில்லியில. சொந்த மண்ணுல இந்தியா பத்தாவது இடம். அந்த அணிக்குக் கேப்டன் யாரு? மன்பிரீத் சிங். டோக்கியோவில வெண்கலம் வாங்கின அணியோட கேப்டனும் அதே மன்பிரீத் சிங்தான். உலக சாம்பியன் கேப்டனுக்கு ஒலிம்பிக் இல்லை, பத்தாவது வந்த கேப்டனுக்குப் பதக்கம். இதுல யாரையும் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. 21 வயசுல போடற மார்க் கடைசி மார்க் இல்லைங்கறதுதான் பாடம்.

பெண்கள் பக்கமும் இதே கதைதான். 2013ல ஜெர்மனியில மோன்ஷன்கிளாட்பாக்ல நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில இந்தியப் பெண்கள் இங்கிலாந்தை ஷூட்-அவுட்ல ஜெயிச்சு வெண்கலம் வாங்கினாங்க. சுசீலா சானு கேப்டன், ராணி ராம்பால் தொடரின் சிறந்த வீராங்கனை, வந்தனா கட்டாரியாவும் அதுல ஆடினார். எட்டு வருஷம் கழிச்சு டோக்கியோவில நாலாவது இடம் வரைக்கும் போன அணியில இந்த மூணு பேரும் இருந்தாங்க.

தோற்றவர்கள் கதை

ஜெயிச்சவங்களை மட்டும் பார்த்தா படம் முழுசா தெரியாது. லக்னோவில இறுதிப் போட்டியில தோத்தது பெல்ஜியம். சரியா இரண்டு வருஷம் கழிச்சு, 2018 டிசம்பர்ல, அதே இந்தியாவில புவனேஸ்வர்ல பெல்ஜியம் சீனியர் உலகக் கோப்பையை ஜெயிச்சது. டோக்கியோவில தங்கமும் வாங்கினாங்க. ஜூனியர்ல ஒரு கோல் வித்தியாசத்துல தோத்தது அவங்களை ஒண்ணும் பண்ணலை. ஏன்னா அங்கே வரிசை நீளம்.

இப்போ ஜெர்மனிக்கு வரேன். 2025ல வாங்கினது அவங்களுக்கு எட்டாவது ஜூனியர் உலகக் கோப்பை. இறுதிப் போட்டியில ஸ்பெயினோட 1-1, ஷூட்-அவுட்ல 3-2. கோல்கீப்பர் யாஸ்பர் டிட்ஸர் காப்பாத்தினார். 1982லேருந்து 1993 வரைக்கும் வரிசையா நாலு தடவை அவங்கதான். ஜெர்மனியில ஹாக்கி கால்பந்து மாதிரி பெரிய ஆட்டம் இல்லை. ஆனா கிளப் இருக்கு. சின்னப் பிள்ளையா இருக்கும்போது அப்பா அம்மா ஒரு கிளப்ல சேர்க்கறாங்க. குளிர்காலத்துல வெளியே ஆட முடியாதுன்னு உள்ளரங்க ஹாக்கி ஆடறாங்க, சின்ன இடத்துல பந்தைக் கட்டுப்படுத்தக் கைக்குப் பழகிடுது. அதே கிளப்ல பத்து வயசு அணியும் இருக்கும், பெரியவங்க அணியும் இருக்கும். 21 வயசானா ஆத்தைத் தாண்ட வேண்டியதே இல்லை, ஒரே கரைதான். மூணு உலகக் கோப்பையில தொடர்ந்து நாம அந்த அணிகிட்ட அரையிறுதியில தோத்தோம்னு சொன்னேன் இல்லையா? அதை 18 பையன்களோட தோல்வியா மட்டும் பார்க்க முடியாது. ஒரு பக்கம் முகாமும் விடுதியும். இன்னொரு பக்கம் தெருவுக்குத் தெரு கிளப். அந்த இடைவெளிதான் 5-1ங்கற எண்ணா தெரிஞ்சது.

மூணாவதா ஒரு நாடு, வங்கதேசம். முதல் தடவையா ஜூனியர் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்று வந்தாங்க. முடிச்சது 17ஆவது இடம். ஆனா மொத்தப் போட்டியிலயும் அதிக கோல் போட்டவர் யாருன்னா, அவங்களோட அமிருல் இஸ்லாம். பெனால்டி கார்னர்ல டிராக் ஃப்ளிக் அடிச்சே ஹாட்ரிக் மேல ஹாட்ரிக். ஆஸ்திரேலியாவோட 5-3ன்னுதான் தோத்தாங்க. 24 அணி ரொம்ப அதிகம், 17-0ன்னு ஆட்டம் வந்தா என்ன பிரயோஜனம்னு சிலர் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான், ஓமன் பையன்களுக்கு அந்த ராத்திரி தூக்கம் வந்திருக்காது. ஆனா கதவை 16 அணியோட சாத்தியிருந்தா அமிருல் இஸ்லாம்னு ஒருத்தர் இருக்கறதே நமக்குத் தெரிஞ்சிருக்காது. நான் 24க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

எழும்பூரும் மதுரையும்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னைக்குப் பெரிய ஹாக்கி புதுசு இல்லை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்துல 1996லயும் 2005லயும் சாம்பியன்ஸ் டிராபி, 2007ல ஆசியக் கோப்பை, 2023ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி எல்லாம் நடந்திருக்கு. 1980 மாஸ்கோவில தங்கம் வாங்கின அணியோட கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் நம்ம ஊர்க்காரர். அதனால சென்னைக்கு இது இன்னொரு போட்டி.

மதுரைக்கு அப்படி இல்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்துல இந்தப் போட்டிக்காகப் புது அரங்கம் கட்டினாங்க. தென் மாவட்டத்துல உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டம்னா அதோட அர்த்தம் வேற. ஏன்னா தமிழ்நாட்டு ஹாக்கியோட நெஞ்சுத்துடிப்பு கேக்கற இடமே அந்தப் பக்கம்தான். மதுரையிலேருந்து தெற்கே பஸ் ஏறினா கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போன அந்த ஊருக்கு மூணாவதா ஒரு பேரு உண்டு, அது ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடு முழுக்க இருந்து அணிகள் வந்து ஆடும், ஊரே உட்கார்ந்து பார்க்கும். அங்கே அரசு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விடுதி இருக்கு, செயற்கைப் புல் மைதானம் இருக்கு. 2022ல ஜகார்த்தாவில ஆசியக் கோப்பை. கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர்லேருந்து வந்து கோவில்பட்டியில பயிற்சி எடுத்த கார்த்தி செல்வமும் இந்திய சீனியர் அணிக்கு ஆடினாங்க. பாகிஸ்தானோட முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார்.

இந்த இரண்டு பேர் போன பாதையை நீங்க கவனிக்கணும். விடுதி, டர்ஃப், தினசரிப் பயிற்சி, நல்ல எதிரணியோட ஆட்டம். இந்த நாலும் ஒரு இடத்துல இருந்தா ஆள் வருது. அவ்வளவுதான் ரகசியம். ஒடிசாவும் அதைத்தான் செஞ்சது. சுந்தர்கர் மாவட்டத்துல விடுதி வச்சு, ஒன்றியத்துக்கு ஒரு டர்ஃப்னு திட்டம் போட்டு வேலை செஞ்சாங்க. அர்ஜென்டினாவோட அந்த நாலாவது கோலைப் போட்ட அன்மோல் எக்கா ஒடிசாக்காரர்.

டர்ஃப் இல்லாம ஏன் முடியாதுன்னு கேக்கலாம். செம்மண்ல பந்து குதிக்கும், எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது, அதனால பையன் பந்தை முதல்ல நிறுத்தி, அப்புறம் ஆடப் பழகறான். தண்ணி தெளிச்ச டர்ஃப்ல பந்து வழுக்கிக்கிட்டு வரும், நிறுத்தற நேரத்துல எதிராளி வந்துடுவான். பந்து வரும்போதே அடுத்தது என்னன்னு முடிவு பண்ணியிருக்கணும். இது மண்டையில நடக்கற மாற்றம், பன்னிரண்டு பதிமூணு வயசுல ஆரம்பிச்சாத்தான் படியும். பதினெட்டு வயசுல முதல் தடவை டர்ஃப்ல கால் வைக்கிறவன் ஏற்கனவே ஆறு வருஷம் பின்னால நிக்கறான்.

அதனால மதுரை மைதானத்தைப் பத்தி நாம கேக்க வேண்டியது மூணே கேள்வி. ஒண்ணு, காலையிலயும் சாயங்காலமும் அது யாருக்குத் திறந்திருக்கு? சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கு? இரண்டு, தண்ணிக்கும் பராமரிப்புக்கும் வருஷா வருஷம் பணம் தனியா ஒதுக்கறாங்களா? செயற்கைப் புல்லுக்கும் ஆயுசு உண்டு. ஆடினாலும் தேயும், சும்மா வெயில்ல காஞ்சாலும் வீணாகும், ஆடித் தேயறதுதான் நல்லது. மூணு, 18லேருந்து 22 வயசு வரைக்கும் இருக்கற பையன்களுக்கும் பெண்களுக்கும் வருஷத்துல எத்தனை ஆட்டம் கிடைக்குது? இரண்டு நாள்ல முடியற நாக்-அவுட் போட்டி போதாது. மாதக்கணக்குல நடக்கற ஒரு லீக் வேணும். மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி, திருச்சி, சென்னைன்னு ஊர் ஊரா போய் ஆடற மாதிரி இருந்தா, 'வேலை எப்போ?'ன்னு கேக்கற வீட்டுக்குப் பதில் சொல்ல அவனுக்கு இரண்டு மூணு வருஷம் அவகாசம் கிடைக்கும். அந்த இரண்டு மூணு வருஷம்தான் நான் சொன்ன பாலம்.

வெண்கலம் வாங்கின அந்தப் பையன்களுக்கும் இதே கேள்விதான். ஹோபார்ட் பாதையா, லக்னோ பாதையா? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் அணியில இவங்கள்ல எத்தனை பேர் பேர் வருதுன்னு எண்ணிப் பாருங்க. பிரின்ஸ்தீப், ரோஹித், சாரதானந்த் திவாரி, அன்மோல் எக்கா, இந்தப் பேரையெல்லாம் எங்கேயாவது எழுதி வச்சுக்குங்க. நாலஞ்சு பேர் வந்தா சென்னையில வாங்கின பதக்கம் செல்லுபடியாகும்.

உங்க ஊர்ல ஹாக்கி மைதானம் இருந்தா, அது திறந்திருக்கா பூட்டியிருக்கா, யார் ஆடறாங்கன்னு ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு எங்களுக்கு எழுதுங்க. பெண்கள் ஆடறாங்களான்னும் பாருங்க. வர்ற கடிதங்களை வச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம்னு இருக்கோம். அடுத்த வாரம் வேற ஒரு ஆட்டத்தோட சந்திப்போம்.